கட்டிடங்களின் சுற்றுச்சூழல் நிலைத்தன்மையை மதிப்பிடும் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டிடம் வடிவமைப்போர், கட்டுவோர், வாங்குவோர், பராமரிப்போர் ஆகியோர் இம்மதிப்பீடுகளைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எந்தச் சான்றிதழையும் பரிந்துரைப்பது இதன் நோக்கம் அன்று. ஒரு நட்சத்திரத்தையோ மதிப்பெண்ணையோ பார்க்கும்போது, அதன் பின்னால் எந்தக் கணக்கு, எந்த எல்லைக்குள், எந்த அலகில் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதை எழுதத் தூண்டிய கவலை.

கட்டிடத்தின் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை என்றால் உண்மையில் எதை அளக்கிறார்கள்?

ஒரு கட்டிடம் தன் முழு ஆயுளிலும் இயற்கையிடமிருந்து எதை எடுக்கிறது, இயற்கைக்குள் எதை வெளிவிடுகிறது என்பதே அடிப்படைக் கேள்வி. ஆற்றல், நீர், நிலம், மூலப்பொருள்கள் ஆகியவை எடுப்பவை. பசுங்குடில் வாயுக்கள், கழிவுநீர், இடிபாடுகள், நச்சுப் பொருள்கள் ஆகியவை விடுபவை. இவற்றோடு உள்ளே வாழ்வோரின் நலமும் பல முறைகளில் சேர்க்கப்படுகிறது. இருட்டான, புழுக்கமான கட்டிடத்தில் மின்சாரம் குறைவாகச் செலவாகிறது என்பதற்காக அதை நல்ல கட்டிடம் என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அளவு போதும். கட்டிடங்களை இயக்குவதாலும் கட்டுவதற்கான பொருள்களைத் தயாரிப்பதாலும் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு, உலகில் ஆற்றல் பயன்பாட்டினாலும் தொழிற்சாலைச் செயல்முறைகளாலும் வெளியாகும் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிமெண்ட் உற்பத்தி மட்டுமே உலக உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு. அதிலும் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று; சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளிவருவது. ஆகவே சூளைக்குத் தூய எரிபொருளைக் கொடுத்தால் மட்டும் அது மறைந்துவிடாது.

என்னென்ன வகை முறைகள் இருக்கின்றன?

பெயர்கள் பல இருந்தாலும் வகைகள் நான்குதான். முதலாவது, வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. இது பொருள்களையும் ஆற்றலையும் எண்ணிக்கையாகக் கூட்டி உமிழ்வுகளாக மாற்றும் கணக்கு. இரண்டாவது, பல துறைகளுக்குப் புள்ளிகள் வழங்கித் தரநிலை அறிவிக்கும் முறைகள். லீட், பிரீயம், கிரிஹா, காஸ்பீ போன்றவை இவ்வகை. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு செயல்திறன் வரம்பை எட்டியே தீரவேண்டும் என்று வலியுறுத்தும் தரங்கள். பாஸிவ் ஹவுஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்காவது, கட்டி முடித்துக் குடியேறிய பிறகு மீட்டர்களையும் மனிதர்களையும் கேட்டறியும் முறை. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடையளிக்கிறது.

வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு எப்படிச் செய்யப்படுகிறது?

இதன் பொது விதிகளை ஐஎஸ்ஓ 14040, 14044 ஆகிய தரநிலைகள் வகுத்துள்ளன. நோக்கத்தையும் எல்லையையும் வரையறுத்தல், உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் பட்டியலிடுதல், அவற்றின் தாக்கத்தைக் கணித்தல், முடிவுகளைப் பொருள்கொள்ளல் என நான்கு கட்டங்கள். நடைமுறையில், அளவுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளின் எடையையும் அப்பொருளுக்குரிய உமிழ்வுக் காரணியால் (ஒரு கிலோகிராமுக்கு வெளியாகும் உமிழ்வு) பெருக்கிக் கூட்டுகிறார்கள். பெருக்கல் எளிது. எதைப் பட்டியலில் சேர்ப்பது, எத்தனை ஆண்டுகளுக்குக் கணக்கிடுவது, எந்தத் தரவுத்தளத்தை நம்புவது என்பவற்றில்தான் முடிவு தீர்மானமாகிறது.

கட்டிடங்களுக்கென 2011-இல் வெளியான இஎன் 15978 என்னும் ஐரோப்பியத் தரநிலை இந்த எல்லையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியதால் இன்று உலகின் பல பகுதிகளிலும் அதன் பகுப்பே பின்பற்றப்படுகிறது. ஏ1 முதல் ஏ3 வரை என்பது மூலப்பொருள் எடுத்தல், போக்குவரத்து, தொழிற்சாலை உற்பத்தி. ஏ4 என்பது பணியிடத்துக்குக் கொண்டுவருதல். ஏ5 என்பது கட்டுமானப் பணியும் அதில் வீணாகும் பொருளும். பி1 முதல் பி7 வரை பயன்பாட்டுக் காலம்: பராமரிப்பு, பழுதுபார்ப்பு, மாற்றீடு, புதுப்பித்தல் ஆகியவற்றோடு, பி6-இல் ஆற்றலும் பி7-இல் நீரும் வருகின்றன. சி1 முதல் சி4 வரை இடிப்பு, அகற்றல், பதப்படுத்தல், கொட்டுதல். இறுதியாக டி என்பது கட்டிடத்தின் எல்லைக்கு வெளியே கிடைக்கக்கூடிய நன்மைகள். எடுத்துக்காட்டாக, எஃகை மறுசுழற்சி செய்வதால் எதிர்காலத்தில் தவிர்க்கப்படும் உற்பத்தி.

டி பகுதியைத் தனியாகவே காட்ட வேண்டும் என்பது விதி. அரை நூற்றாண்டுக்குப் பிறகு யாரோ செய்யக்கூடிய மறுசுழற்சியை, இன்று உலையிலிருந்து வெளியேறும் புகையின் கணக்கிலிருந்து கழித்துக் காட்டுவது நேர்மையான கணக்கு ஆகாது. அப்படிக் கழித்துக் காட்டிய அறிக்கையைக் கண்டால், கழிப்பதற்கு முன் இருந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

உட்பொதிந்த கார்பன், பயன்பாட்டுக் கார்பன் ஆகிய இரண்டில் எது பெரிது?

பொருள்களைத் தயாரித்துக் கட்டி, பராமரித்து, இறுதியில் இடிப்பது வரையிலான உமிழ்வு உட்பொதிந்த கார்பன்; குளிரூட்டல், வெப்பமூட்டல், விளக்கு, மின்தூக்கி போன்றவற்றை இயக்குவதால் வருவது பயன்பாட்டுக் கார்பன். எது பெரிது என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கற்பனைக் கட்டிடத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1,000 சதுர மீட்டர் பரப்புள்ள கட்டிடம் ஒன்றைக் கட்டி முடிக்கும்போது சதுர மீட்டருக்கு 500 கிலோகிராம் வீதம் 500 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 60 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் செலவாகிறது. நிலக்கரியை மிகுதியாக நம்பிய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோகிராம் என்றால் ஆண்டு உமிழ்வு 42 டன். ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பயன்பாட்டு உமிழ்வு கட்டுமான உமிழ்வை எட்டிவிடும். அதே கட்டிடத்துக்கு 0.2 கிலோகிராம் மட்டுமே உமிழும் தூய மின்சாரம் கிடைத்தால் ஆண்டு உமிழ்வு 12 டன். எட்டிப்பிடிக்க ஏறத்தாழ 42 ஆண்டுகள் ஆகும். மின்கட்டமைப்புகள் தூய்மையாகிவரும் காலத்தில் எழும் கட்டிடங்களுக்கு, கட்டும் நாளிலேயே வெளியாகிவிடும் கார்பனின் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை இது காட்டுகிறது. பயன்பாட்டு உமிழ்வைப் பின்னர் திருத்த வழியுண்டு. ஊற்றிய கான்கிரீட்டின் உமிழ்வைத் திரும்பப் பெற வழியில்லை.

குளிரூட்டும் வாயுவின் கசிவையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும்; பல அறிக்கைகளில் விடுபட்டுப்போவதும் இதுவே. ஏசி இயந்திரங்களில் பரவலாகப் பயன்பட்டுவரும் ஆர்-410ஏ என்னும் வாயு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டிலும் ஏறத்தாழ 2,000 மடங்கு புவியை வெப்பமாக்கும் திறன் கொண்டது. ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. மேற்சொன்ன கட்டிடத்தில் ஆண்டுக்கு 2 கிலோகிராம் ஆர்-410ஏ கசிந்தால் அது சுமார் 4 டன்னுக்குச் சமம். மின்சாரம் தூய்மையான இடத்தில் அது மின்பயன்பாட்டு உமிழ்வில் மூன்றில் ஒரு பங்கு. இது பி1 பகுதியில் இடம்பெற வேண்டிய எண்.

பொருள்களின் உமிழ்வுத் தரவு எங்கிருந்து கிடைக்கிறது?

சிறந்த மூலம், உற்பத்தியாளர் வெளியிடும் சுற்றுச்சூழல் தயாரிப்பு அறிக்கை. ஐஎஸ்ஓ 14025 வகுத்த நெறிப்படியும், ஐரோப்பாவில் இஎன் 15804 விதிகளின்படியும் தயாரிக்கப்பட்டு, சார்பற்ற ஒருவரால் சரிபார்க்கப்பட்ட ஆவணம் அது. அத்தகைய அறிக்கை இருப்பதாலேயே பொருள் நல்லது என்று ஆகிவிடாது. உணவுப் பொட்டலத்தில் அச்சிடப்பட்ட சத்துப் பட்டியலைப் போல அது உள்ளிருப்பதைச் சொல்கிறதே தவிர, உண்ணலாமா என்று தீர்ப்பளிப்பதில்லை. வடிவமைப்பின் தொடக்கத்தில் எந்த நிறுவனத்தின் பொருள் வரும் என்று தெரியாதபோது பொதுச் சராசரித் தரவுகளைப் பயன்படுத்துவது தவறன்று. பொருள் முடிவானபின் அவற்றை மாற்றாமல் விடுவதே தவறு.

புள்ளி வழங்கும் முறைகள் எவ்வாறு செயல்படுகின்றன?

1990-இல் பிரிட்டனில் தொடங்கிய பிரீயம் இவ்வகையில் முன்னோடி. அமெரிக்காவின் லீட் 1998-இல் சோதனை முறையாக வந்தது. ஜப்பானின் காஸ்பீ, ஆஸ்திரேலியாவின் கிரீன் ஸ்டார், இந்தியாவின் கிரிஹா ஆகியவை அடுத்த பத்தாண்டுக்குள் உருவாயின. ஆற்றல், நீர், பொருள்கள், இடத்தேர்வு, உட்புறக் காற்று என்று துறைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறைவேற்றிய நிபந்தனைகளுக்குப் புள்ளி தந்து கூட்டுவதே பொது வழி.

கூட்டும் விதத்தில்தான் வேறுபாடு. லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 பெற்றால் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். பிரீயம் ஒவ்வொரு துறைக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ற எடை கொடுத்து விழுக்காடாக மாற்றுகிறது. 30 விழுக்காட்டில் தேர்ச்சி தொடங்கி 85-இல் உச்சநிலை. காஸ்பீயின் வழி தனித்துவமானது: கட்டிடம் தன்னுள் தரும் தரத்தை மேலேயும், வெளிச்சூழலின் மேல் சுமத்தும் பாரத்தைக் கீழேயும் வைத்து வகுக்கிறது. வசதியைக் கூட்டி அதன் மூலம் பாரத்தை மறைத்துவிட முடியாதபடி இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் இந்த வடிவம், வெறுமனே கூட்டும் முறைகளைவிட அறிவுக்கு நேர்மையானது என்பது என் கருத்து.

கூட்டல் முறையின் அடிப்படைக் குறை ஈடுசெய்தல். ஆற்றலில் சறுக்கியதை மிதிவண்டி நிறுத்துமிடத்தாலும் பூர்வீகச் செடிகளாலும் ஓரளவு நிரப்பிக்கொள்ள முடிகிறது. இதைத் தடுக்கவே பல முறைகள் விலக்கில்லாத முன்நிபந்தனைகளை வைத்திருக்கின்றன. அவை போதுமான அளவு கடுமையாக இருக்கின்றனவா என்பதே ஒரு முறையின் தரத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது.

ஒரே கட்டிடம் இரண்டு முறைகளில் வெவ்வேறு தரம் பெறுவது எப்படி?

எடைகள் வேறு, ஒப்பீட்டுத் தளம் வேறு. நீர் அரிதான நிலப்பகுதியில் உருவான முறை நீருக்கு மிகுதியான எடை தரும். குளிர்நாட்டு முறை வெப்பக்காப்புக்குத் தரும். எந்த எடைக்குப் பின்னாலும் ஒரு நிபுணர் குழுவின் மதிப்புத் தீர்ப்பு இருக்கிறது. இயற்பியல் விதி எதுவும் அதைத் தீர்மானிப்பதில்லை. அதனால் தங்கத்தையும் ஐந்து நட்சத்திரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதைக் கைவிட்டு, இரண்டின் பின்னாலும் உள்ள சதுர மீட்டர் வாரியான ஆற்றலையும் உமிழ்வையும் ஒப்பிடுவதே முறை.

“30 விழுக்காடு மின்சாரம் மிச்சம்” என்று சொல்வது எதைக் காட்டிலும் மிச்சம்?

பெரும்பாலும், கணினியில் உருவாக்கப்பட்ட ஓர் ஒப்பீட்டுக் கட்டிடத்தைக் காட்டிலும். விதிமுறைகளை மட்டும் நிறைவேற்றும் அதே பரப்பளவுள்ள கற்பனைக் கட்டிடம் அது. தேவைக்கு இருமடங்கு பெரிதாகக் கட்டினால் ஒப்பீட்டுக் கட்டிடமும் இருமடங்கு ஆகும். விழுக்காடு மாறாது, மின்சாரம் மட்டும் இரட்டிக்கும். விழுக்காட்டோடு முழு எண்ணையும் கேட்க வேண்டியது இதனால்தான்.

கணித்த ஆற்றலும் உண்மையில் செலவாகும் ஆற்றலும் ஏன் பொருந்துவதில்லை?

இந்த இடைவெளி புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1990-களின் நடுவில் பிரிட்டனில் தொடங்கிய புரோப் ஆய்வுகள், நல்ல பெயர் பெற்ற கட்டிடங்களையும் குடியேறிய பிறகு நேரில் ஆராய்ந்து, வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல இடங்களில் ஆற்றல் அதிகமாகச் செலவாவதை வெளிப்படையாகப் பதிவு செய்தன.

காரணங்கள் பலவிடங்களில் பிறக்கின்றன. விதிமுறைக் கணக்குகள் பெரும்பாலும் குளிரூட்டல், வெப்பமூட்டல், வெளிச்சம் ஆகியவற்றையே முதன்மையாகக் கொள்கின்றன. கணினிகள், சமையலறைக் கருவிகள், சர்வர் அறை போன்றவை கணக்கில் இல்லாமலோ தோராயமான எண்ணாகவோ இருந்துவிடுகின்றன. எட்டு மணிநேரம் இயங்கும் என்று எண்ணிய அலுவலகம் பன்னிரண்டு மணிநேரம் இயங்குகிறது. வரைபடத்தில் தொடர்ச்சியாக இருந்த வெப்பக்காப்பு, சன்னல் ஓரங்களில் துண்டுபட்டுப் போகிறது. எல்லாவற்றையும்விடப் பெரியதாக நான் கருதுவது, இயந்திரங்களைப் பொருத்தியபின் அவற்றைச் சோதித்துச் சீரமைக்கும் பணி அவசரத்தில் நறுக்கப்படுவது. ஒரே அறையில் குளிரூட்டலும் வெப்பமூட்டலும் ஒன்றையொன்று எதிர்த்து இயங்கிக்கொண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. உள்ளே இருப்பவருக்கு வெப்பநிலை சரியாகவே தோன்றும், மீட்டருக்கு மட்டுமே உண்மை தெரியும்.

இதற்கு எதிரான தெளிவான வழி ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ். 1998-இல் வேறு பெயரில் தொடங்கிய இம்முறை, வாக்குறுதிகளை விட்டுவிட்டு, பன்னிரண்டு மாத மின்கட்டணப் பட்டியல்களையும் மீட்டர் அளவுகளையும் வைத்து நட்சத்திரம் வழங்குகிறது. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் மதிப்பெண்ணும் உண்மைப் பயன்பாட்டையே கொள்கிறது. 1 முதல் 100 வரையிலான அளவில் 50 என்பது ஒத்த கட்டிடங்களின் நடுநிலை, 75-ம் அதற்கு மேலும் பெற்றவையே சான்றுக்குத் தகுதி பெறும்.

பாஸிவ் ஹவுஸ் தரம் எவ்வாறு வேறுபடுகிறது?

அதில் ஈடுசெய்தலுக்கு இடமில்லை. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதல் கட்டிடத்திலிருந்து வளர்ந்த இத்தரம், வெப்பமூட்டலுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி என்ற வரம்பையும், 50 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு மணிநேரத்துக்கு 0.6 முறைக்கு மேல் கசிவால் உட்காற்று மாறக் கூடாது என்ற வரம்பையும் வைத்திருக்கிறது. காற்றுக்கசிவு கட்டிடத்திலேயே விசிறி பொருத்தி அளக்கப்படுகிறது என்பது இதன் பெரிய வலிமை. ஆனால் உட்பொதிந்த கார்பனைப் பற்றி இவ்வரம்புகள் எதுவும் சொல்வதில்லை. அதைத் தனியே கணக்கிட வேண்டும்.

எந்த அலகில் ஒப்பிடுவது சரி: சதுர மீட்டருக்கா, ஆளுக்கா?

இரண்டும் வேண்டும். சதுர மீட்டர் கணக்கு கட்டுமானத் தரத்தைக் காட்டுகிறது. ஆள்வாரிக் கணக்கு தேவையைக் காட்டுகிறது. இருவர் வாழும் 400 சதுர மீட்டர் வீடு சதுர மீட்டருக்கு 40 யூனிட் செலவழித்தால் ஆளுக்கு 8,000 யூனிட். நால்வர் வாழும் 100 சதுர மீட்டர் வீடு சதுர மீட்டருக்கு 60 யூனிட் செலவழித்தாலும் ஆளுக்கு 1,500 யூனிட்தான். முதல் வீடு பசுமைச் சான்று பெறுவதற்கும் இரண்டாவது பெறாமல் போவதற்கும் இன்றைய பெரும்பாலான முறைகளில் வாய்ப்பு உண்டு. இது உண்மையான குறை. சிறிதாகக் கட்டுவதற்கு உரிய மதிப்பை இம்முறைகள் இன்னும் முழுமையாகத் தரவில்லை.

மரத்தால் கட்டினால் உமிழ்வு எதிர்மறையாகக் காட்டப்படுகிறதே, அது சரியா?

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். 500 கிலோகிராம் உலர்மரம், வளரும்போது சுமார் 900 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து எடுத்திருக்கிறது. அந்த எண்ணை ஏ பகுதியில் கழித்தால், மரம் எரியும்போதோ மட்கும்போதோ திரும்ப வெளிவருவதை சி பகுதியில் கூட்டியே ஆக வேண்டும். ஏ பகுதியை மட்டும் எடுத்துக்காட்டி எதிர்மறை எண்ணை விளம்பரப்படுத்துவது பாதிக் கணக்கு. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளர்க்கப்படுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். இவ்வளவையும் நேர்மையாகச் சேர்த்த பிறகும், நல்ல காட்டிலிருந்து வந்த மரம் பல இடங்களில் கான்கிரீட்டையும் எஃகையும்விடக் குறைந்த உமிழ்வோடு நிற்கிறது.

பழைய கட்டிடத்தை இடித்துப் புதிய பசுமைக் கட்டிடம் கட்டுவது நல்லதா?

கணக்கிட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. கணக்கிட்டால் விடை பலமுறை புதுப்பித்தலின் பக்கமே சாய்கிறது. ஏனெனில் தொடக்க உமிழ்வின் பெரும்பங்கு அடித்தளத்திலும் சட்டகத்திலும் இருக்கிறது. புதுப்பிக்கும்போது அவை அப்படியே நிற்கின்றன. புதிதாகக் கட்ட 500 டன், புதுப்பிக்க 150 டன் என்று கொண்டால் வேறுபாடு 350 டன். புதுப்பித்ததைவிடப் புதியது ஆண்டுக்கு 8 டன் குறைவாக உமிழ்ந்தால், அந்த வேறுபாட்டை அடைக்க ஏறத்தாழ 44 ஆண்டுகள் வேண்டும். இடிக்கும் முன் இந்த ஒரு கணக்கைச் செய்யாத மதிப்பீட்டை முழுமையானது என்று ஏற்கக் கூடாது.

சட்டங்கள் இதைக் கட்டாயமாக்கியுள்ளனவா?

சில நாடுகளில் ஆம். நெதர்லாந்து 2013 முதல் புதிய கட்டிடங்களுக்குப் பொருள்சார்ந்த தாக்கக் கணக்கைக் கேட்கிறது. புதிய கட்டிடங்களின் ஆற்றலுக்கும் கார்பனுக்கும் வரம்பிடும் பிரான்சின் ஆர்இ2020 விதிகள் 2022-இல் நடைமுறைக்கு வந்தன. டென்மார்க் 2023 முதல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டிடங்களுக்கு, 50 ஆண்டுக் கணக்கில், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு என்ற உச்சவரம்பை விதித்தது. விருப்பச் சான்றிதழ்கள் முன்னோடிகளை ஊக்குவிக்கும். எல்லோரையும் நகர்த்துவது வரம்புதான்.

எந்தக் கட்டத்தில் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும்?

முதல் கோடு வரையும் முன்பே. கட்ட வேண்டுமா, எவ்வளவு பெரிதாக, எந்தத் திசையில், எந்தச் சட்டக அமைப்பில் என்பன முடிவானபின் எஞ்சுவது பொருள் மாற்றம் மட்டுமே. தூண்களின் இடைவெளியைக் குறைத்துத் தளத்தின் தடிமனைக் குறைப்பதால் மிச்சமாகும் கான்கிரீட்டை, பின்னர் வரும் எந்தப் பசுமைச் சாயமும் ஈடுசெய்யாது. தொடக்கக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாற்றுகளில் எது தெளிவாகக் குறைவு என்று காட்டினால் போதும்.

பெற்ற சான்றிதழ் எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?

வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் வழங்கப்படும் சான்று, வழங்கிய நாளின் நிலையையே பேசுகிறது. பத்தாண்டு கழித்தும் வாயிற் சுவரில் தொங்கும் பலகை இன்றைய நிலையைச் சொல்வதில்லை. பயன்பாட்டை அளக்கும் சான்றுகளுக்குக் காலவரம்பு உண்டு. நேபர்ஸ் ஆற்றல் தரம் ஓராண்டுக்குச் செல்லும், பின் புதிய அளவுகளோடு மீண்டும் பெற வேண்டும். புதிய கட்டிடத்துக்கு ஒப்பந்தம் எழுதுவோர், குளிரூட்டல், வெளிச்சம், மின்தூக்கி, பொது மின்செருகிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீட்டர் பொருத்த வேண்டும் என்பதையும், முதல் பன்னிரண்டு மாத அளவுகளை வடிவமைப்புக் கணக்கோடு வரிவரியாக ஒப்பிட்டு எழுத்தில் தர வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம். அதற்கு எந்த அமைப்பின் அனுமதியும் தேவையில்லை.